வட்டக்கச்சிச் சவாரித் திடலில் ஒரு நாள்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்குக் கால் நிலத்தில் பாவாது. காலபோக வயல் வெட்டி, சூடடித்து, நெல்லும் வீட்டுக்கு வந்து, கையில் நாலு காசு புழங்குகிற காலம் அது. ஊருக்கு ஊர் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல், தலையணைச் சண்டை, வழுக்குமரம், கயிறு இழுத்தல் என்று ஒவ்வொரு விளையாட்டுக் கழகமும் தன் பங்குக்கு ஏதாவது நடத்தும். ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சனம் அள்ளுப்பட்டுப் போவது மாட்டுவண்டிச் சவாரிக்குத்தான். நாட்டின் மற்றப் பக்கங்களிலும் இது ஓட்ட மாதம்தான். மலைநாட்டில் நுவரெலியாவில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிற போட்டிகள் இதே சித்திரையை ஒட்டித்தான் வருகின்றன. அங்கே எஞ்சின், இங்கே நாம்பன்.

என் அக்காவின் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவன் ஒன்பது வயதில் தகப்பனோடு ஒரு சவாரிக்குப் போனான். எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு சோடி ஓடி முடிந்ததும், வென்ற மாட்டைக் கிட்ட நின்று பார்க்கச் சனம் திடலுக்குள் இறங்கிவிட்டது. அடுத்த சோடி அங்கே தொடக்கத்தில் அவிழ்த்துவிடப்பட்டது இந்தத் தலைப்பில் நின்ற ஒருவருக்கும் தெரியாது. சனத்தைக் கண்டு மிரண்ட ஒரு சோடி நேர்கோட்டை விட்டு விலகியது. கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கடகம் சில்லுக்குள் போய் நொறுங்கியது. அம்மாவை யாரோ இழுத்துவிட்டார்கள். எங்கள் பொடியன் ஓடப்போய் விழுந்து முழங்கைக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். ஆறு கிழமை பிளாஸ்ரர்.

அன்றைக்கு அக்கா ஒரு சபதம் எடுத்தா. இனிச் சவாரி என்ற சொல்லே வீட்டில் எடுபடக் கூடாது என்று. மூன்று வருடம் அதைக் காப்பாற்றியும் போட்டா. ஆனால் பொடியன் தகப்பனைப் போல. மாட்டைக் கண்டால் சோறு தண்ணீர் வேண்டாம். கடைசியில் அக்காவே என்னிடம் வந்து சொன்னா:

"நீ கூட்டிக்கொண்டு போ. ஆனா நானும் வருவன். நான் காட்டுற இடத்திலதான் நிக்க வேணும். ஒரு அடி அங்கால வைக்கக் கூடாது."

இப்படித்தான் வட்டக்கச்சிப் பயணம் வந்தது.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 80 கிலோமீற்றர். காலை பஸ்சில் ஏறினால் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ9 வீதி நேராகப் போகும். ஓமந்தையைக் கடக்கும்போது அக்கா வழக்கம்போலக் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டா. சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்ற காலத்துப் பழக்கம். பொடியனுக்கு அது விளங்காது. முறிகண்டியில் பஸ் நின்றது. எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் மூன்று சுருள் வாங்கிக்கொண்டோம். கச்சான் விற்ற அம்மாவிடம் அக்கா விலை பேசாமல் காசு கொடுத்ததைக் கண்டேன்.

ஏ9ஐ விட்டுக் கிழக்கே திரும்பியதும் காற்றே மாறிவிடும். வட்டக்கச்சி இரணைமடுத் தண்ணீரில் வாழ்கிற ஊர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய அந்தக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. பிறகு குடியேற்றத் திட்டங்கள் வந்து, குடாநாட்டிலிருந்து காணி தேடி வந்த குடும்பங்கள் காடு வெட்டி வயலாக்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பனங்கொட்டையோடு சவாரி ஆசையையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள் என்று பகிடியாகச் சொல்வார்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் தென்னையும் மாவும். 2009இல் இந்தச் சனம் முழுவதும் எழும்பிக் கிழக்கே போனபோது மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் போனது. திரும்பி வந்தபோது அவை கட்டாக்காலியாகக் காட்டோரம் திரிந்தன. எது ஆருடைய மாடு என்று குறியைப் பார்த்து அடையாளம் பிடிக்க வேண்டியிருந்தது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாங்கள் சவாரிக்கு முதல் நாளே போய் அத்தானின் சித்தி வீட்டில் தங்கினோம். அடுத்த வளவில் ஒரு சவாரிச் சோடி நின்றது. ஒன்று மயிலை, மற்றது செவலை. பொடியன் பையை எறிந்துவிட்டு வேலிக்குள்ளால் புகுந்துவிட்டான்.

மாட்டுக்குரியவர் எழுபதை அண்டிய பெரியவர். மீளக் குடியேறிய பிறகு இரண்டு கன்றுகளை வாங்கி வளர்த்து, இது மூன்றாவது சோடி என்றார். உழவு, சூடு மிதிப்பு எல்லாம் இப்போது இயந்திரம்தான்.

"அப்ப ஏன் ஐயா மாடு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"இதுக்குத்தான் பிள்ளை" என்று திடல் இருக்கும் திசையைக் காட்டினார். "சவாரி இல்லாட்டி இந்த நாம்பனுகள் எப்பவோ லொறியில ஏறியிருக்கும்."

அது உண்மைதான். உழவுக்கு வேண்டாத ஆண் மாட்டுக்கு இன்றைக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

சோடி சேர்ப்பதுதான் சவாரியில் பாதி வேலை என்றார் அவர். இரண்டும் ஒரே உயரம், ஒரே கவடு, ஒரே மூச்சு. இடது மாடு கூட விரைந்தால் வண்டி வலது பக்கம் வெட்டும். வலது மாடு விரைந்தால் இடது பக்கம் வெட்டும். ஓட்டுகிறவர் நாணயக்கயிற்றைப் பிடித்து அதைச் சமப்படுத்த வேண்டும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, சோடி சமமாக இருக்க வேண்டும். சமமில்லாத சோடிதான் சனத்துக்குள் வருகிற சோடி. இதைச் சொல்லும்போது அக்கா கிட்ட வந்து நின்றா.

வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஏறக்குறைய இரண்டு வயதில் முன்வாயில் பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் வரும். பிறகு நாலு, ஆறு என்று கூடி, நாலு வயது தாண்ட எட்டும் நிரம்பிவிடும். எங்கள் நாட்டு மாடுகளில் இது கொஞ்சம் பிந்தியும் வரும். பெரியவர் மயிலையின் கீழுதட்டை இழுத்துப் பொடியனுக்குக் காட்டினார். மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல்லே இல்லை என்பதை அவன் அன்றைக்குத்தான் கண்டான். எனக்கும் வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, நானும் அப்போதுதான் கவனித்தேன்.

போட்டியை ஏ, பி, சி, டி என்று பிரிவு பிரித்து நடத்துகிறார்கள். முற்றிய, பேர் பெற்ற சோடிகள் ஏ பிரிவில். இளசுகளும் புதிதாக இறங்குகிறவையும் கீழே. எது எதனோடு ஓடுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். வண்டி தன் பாட்டையிலேயே ஓட வேண்டும். எதிர் வண்டியின் பாட்டைக்குள் புகுந்து மறித்தால் முந்தி வந்தாலும் வெற்றி இல்லை. எல்லைக்கோட்டில் மத்தியஸ்தர்கள் நிற்பார்கள். அவர்களின் சொல்லோடு சண்டை பிடிக்காத சவாரி இதுவரை நடந்ததில்லை என்று பெரியவரே சிரித்தார்.

அடிக்கிற விசயத்தில்தான் அவர் முகம் மாறியது. துவரங்கேட்டி காட்டலாம், அது பழைய வழக்கம். ஆனால் நுனியில் ஆணி வைத்துக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடி முடிந்த மாட்டின் பின்தொடையில் இரத்தம் வழிவதைச் சவாரி பார்க்கப் போன எவரும் கண்டிருப்பீர்கள். மிருகவதைத் தடைச் சட்டம் எங்கள் நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதில் எழுதப்பட்ட உச்சத் தண்டம் 100 ரூபா. அந்தக் காலத்தில் 100 ரூபா என்றால் ஒரு மாட்டின் விலைக்கு மேல் இருந்திருக்கும். இந்தக் காலத்தில் அது என்ன காசு? தமிழ்நாட்டில் இதே கேள்வி பெரிய வழக்காகவே போனது. 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017இல் தமிழ்நாட்டு அரசு சட்டத்தைத் திருத்தி மீண்டும் அனுமதித்தது. 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே விதிமுறைகளோடுதான் அனுமதி. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு திடலும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. அதைக் காப்பதும் விடுவதும் அன்றைக்கு அங்கே நிற்கிற ஆட்களைப் பொறுத்தது.

"என்ர மாட்டுக்கு ஆணி வேண்டாம். அவ கூப்பிட்ட குரலே போதும்" என்று பெரியவர் குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார்.

அந்த வீட்டம்மாவை நாங்கள் அப்போதுதான் சரியாகப் பார்த்தோம். பெரிய தாச்சியில் உழுந்தும் கடலையும் அவிந்துகொண்டிருந்தது. அதைத் தவிட்டோடும் எள்ளுப் பிண்ணாக்கோடும் பிசைந்து, உருண்டை பிடித்து, ஒவ்வொன்றாக மாட்டின் வாய்க்குள் வைப்பது அவவின் வேலை. சவாரிக்கு இரண்டு மாதம் இருக்கத் தொடங்கி ஒரு நாள் தவறாமல் விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டு, குளத்துக்குக் கொண்டுபோய் நீந்த விட்டு, மணலில் நடத்தி வருவது ஆண்களின் வேலை. ஆனால் மாடு சாப்பிடாவிட்டால், கழிச்சல் கண்டால், இரவில் செருமினால் எழும்பிப் பார்ப்பது அவதான்.

"மாமி, இதுவரைக்கும் எத்தினை சவாரி பாத்திருப்பியள்?" என்று அக்கா கேட்டா.

"ஒண்டும் இல்லை பிள்ளை."

எங்களுக்கு விளங்கவில்லை. அவ உருண்டையை உருட்டியபடியே சொன்னா: "சவாரி அண்டைக்குத்தானே வீட்டுக்குச் சனம் வாறது. முப்பது நாப்பது பேருக்குச் சமைக்க வேணும். ஒலிபெருக்கியில பேர் சொல்லுறது கேக்கும். வெண்டா வெடி கொளுத்துவினம், அதுவும் கேக்கும்."

நாப்பது வருடமாக மாடு வளர்க்கிற பெண், தன் மாடு ஓடுவதை ஒருமுறையேனும் கண்டதில்லை.

இரவு முற்றத்தில் இருந்தபோது பொடியன் அத்தானின் கைத்தொலைபேசியில் ஒரு கார் ஓட்டத்தைப் பெரியவருக்குக் காட்டினான். அமெரிக்காவில் இன்டியானாபொலிஸ் என்ற நகரத்தில் மே மாதக் கடைசியில் நடக்கிற ஓட்டம் அது. முட்டை வடிவப் பாதை, ஒரு சுற்று இரண்டரை மைல். 33 கார்கள் 200 சுற்று ஓடி 500 மைல் முடிக்க வேண்டும். 1911இல் தொடங்கி, இரண்டு உலகப் போர்க் காலம் தவிர வருடா வருடம் நடக்கிறது. தொடக்கத்தில் யார் எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு அங்கே சீட்டுக் குலுக்குவதில்லை. தனித்தனியே நாலு சுற்று ஓடவிட்டு, வேகத்தைக் கணக்கெடுத்து நிரை நிரையாக நிறுத்துவார்கள். ஒரு கார் மோதி நின்றால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். அப்போது ஒருவரையும் முந்தக் கூடாது; முன்னால் போகிற வழிகாட்டிக் காரின் பின்னால் எல்லாரும் மெதுவாக வரிசையாகப் போக வேண்டும். வென்றவர் பால் குடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கமும் உண்டு. 1936இல் லூயிஸ் மேயர் என்பவர் வென்ற களைப்பில் மோர் குடித்ததிலிருந்து வந்ததாம். பெரியவருக்கு அந்த ஓட்டத்தில் பிடித்த ஒரே விசயம் அதுதான்.

"சுத்தி வர என்ன அது, சுவரோ?" என்று கேட்டார்.

சுவர்தான். கொங்கிறீற்றுச் சுவரும் அதற்கு மேலே கம்பி வேலியும். வளைவில் திரும்புகிற கார் கட்டுப்பாட்டை இழந்தால் வளைவின் வெளிப்பக்கமாகத்தான் எறிபடும். அதனால் வெளிப்பக்கத்தில் சுவர். 2002இலிருந்து அந்தச் சுவருக்கு முன்னால் மோதலை உள்வாங்கும் இன்னொரு தடுப்பும் வைத்திருக்கிறார்கள். இவை எல்லாம் சும்மா வந்தவை அல்ல. 1909இல் அந்தப் பாதை திறந்த ஓட்டங்களிலேயே பார்வையாளர்கள் செத்தார்கள். 1955இல் பிரான்சின் லு மான்ஸ் ஓட்டத்தில் ஒரு கார் சனத்துக்குள் பறந்து 80இற்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிறேக் இருக்கிற வண்டிக்கே சுவர் கட்டுறாங்கள். எங்கட மாட்டுக்குப் பிறேக் எங்க இருக்கு?"

மாடு எல்லைக்கோட்டைக் கடந்ததும் நிற்பதில்லை. கோடு எங்களுக்குத்தான், மாட்டுக்குத் தெரியாது. அது இன்னும் நெடுந்தூரம் ஓடித்தான் ஆறும். அந்தத் தூரத்தில்தான் பார்வையாளர் கூட்டம் கூடுகிறது, ஏனென்றால் யார் வென்றது என்று பார்க்க அதுதான் நல்ல இடம். எங்கள் பொடியனின் கை முறிந்ததும் அப்படியான இடத்தில்தான்.

அப்போதுதான் அக்கா தியத்தலாவையைப் பற்றிப் பேசினா. 2024 சித்திரை 21, ஞாயிற்றுக்கிழமை. பதுளை மாவட்டத்தில் இராணுவக் கல்லூரிப் பகுதியில் 1993இல் தொடங்கிய ஃபொக்ஸ்ஹில் ஓட்டம், சில வருட இடைவெளிக்குப் பிறகு அன்றைக்கு நடந்தது. புதுவருட விடுமுறைக் காலம். பிள்ளைகுட்டிகளோடு ஆயிரக்கணக்கான சனம். ஒரு கார் பாதை ஓரத்தில் புரண்டது. மெதுவாகப் போகும்படி மற்ற ஓட்டுநர்களுக்கு மஞ்சள் சைகை காட்டினார்கள். அதற்குள் இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் போய்விட்டது. பார்வையாளர்களும் ஓட்டத்தை ஒழுங்குபடுத்த நின்ற உதவியாளர்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது. இருபதுக்கு மேல் காயக்காரர்.

"அந்தப் பிள்ளையின்ர தாயும் என்னைப் போலதானே வெளிக்கிடுத்தி விட்டிருப்பா" என்றா அக்கா. அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் ஒருவரும் கார் ஓட்டம் பார்க்கவில்லை.

இன்டியானாபொலிஸ் பற்றி இன்னொரு விசயத்தை வாசித்திருந்தேன். அதை அன்றிரவு குசினியில் மாமிக்குச் சொன்னேன். அங்கே 1971 வரைக்கும் கார் திருத்துகிற கொட்டகைப் பக்கம் பெண்கள் காலே வைக்கக் கூடாது. செய்தி எழுத வந்த பெண்ணாக இருந்தாலும் சரி, காரின் சொந்தக்காரியாக இருந்தாலும் சரி. அதன் பிறகு ஆறே வருடத்தில், 1977இல், ஜனற் கத்ரி என்ற பெண் அந்த ஓட்டத்தில் காரே ஓட்டினா. மாமி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"அவவின்ர வீட்டில ஆர் சமைச்சது?" என்று கேட்டா.

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு இஞ்ச சமைக்க நாங்கள் ரண்டு பேர் இருக்கிறம் மாமி. மூண்டு மணிக்கு எழும்புவம். ஒன்பது மணிக்கு முதல் சோறு கறி எல்லாம் இறக்கி வைச்சிட்டு நாலு பேருமாய்ப் போவம்."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடிய மூன்று மணிக்கு நாங்கள் எழும்பியபோது அவ அரிசி களைந்து முடித்திருந்தா. கத்தரிக்காயும் வாழைக்காயும் நான் வெட்ட, அக்கா தேங்காய் துருவ, பருப்பு, பூசணிக்காய், இரணைமடு மீன் என்று எட்டரைக்கெல்லாம் சமையல் முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, வருகிற ஆட்களுக்குச் சோறு போட நான் நிற்கிறேன் என்று முன்வந்தது. மாமி பெட்டியில் இருந்த ஒரு நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தா. பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நுகத்தைத் துடைக்கிற வேலையில் மும்முரமாகிவிட்டார்.

சவாரித் திடல் வயல் நடுவே நீளமாகக் கிடந்தது. இந்தத் தலைப்பில் நின்றால் அந்தத் தலைப்பில் நிற்கிறவரின் முகம் தெரியாது. இரண்டு பக்கமும் தடி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றைக் கண்டதும் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பத்து மணிக்குப் பார்த்தால் சனத்தின் நெருக்கத்தில் கயிறு ஒரு முழம் உள்ளே போயிருந்தது. பதினொரு மணிக்கு இன்னொரு முழம். தொண்டர்களாக நின்ற பொடியன்கள் தொண்டை கிழியக் கத்திப் பின்னால் தள்ளுவார்கள். அவர்கள் அங்கால் போனதும் சனம் மறுபடி முன்னுக்கு வரும். இந்த மாவட்டத்தில் கட்டிய கயிறு என்றால் என்ன என்று பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதிவெடி அகற்றுகிறவர்கள் நட்டுப்போன சிவப்புத் தடியைத் தாண்டாமல் எத்தனை வருடம் நடந்திருக்கிறோம்! அந்த வேலையை முகமாலைப் பக்கத்தில் செய்தவர்களில் எங்கள் பெண்களும் நிறைய இருந்தார்கள். அப்படிப்பட்ட சனம் சவாரிக் கயிற்றை மட்டும் ஏன் இப்படி இலேசாக எடுக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா திடலை ஒரு சுற்றுப் பார்த்தா. எல்லைக்கோட்டுப் பக்கம் வேண்டாம், தொடக்கத்திலும் வேண்டாம், அங்கே பூட்டும்போதே மாடு துள்ளும். சாராய வாடை வந்த பக்கமும் வேண்டாம். காலையிலேயே சிலர் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரரும் வண்டியைத் துரத்திக்கொண்டு போக ஆயத்தமாக நின்றார்கள். ஓட்டப் பாதையின் நடுப்பகுதியில், வயல் வரம்புக்கு அப்பால் உழவு இயந்திரப் பெட்டி ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டு ஏறிக்கொண்டோம். "தம்பி, இதில இருந்து இறங்கினாய் எண்டால் அடுத்த பஸ்தான்" என்று மகனுக்குச் சொன்னா. உயரத்தில் இருந்ததால் அவனுக்கு இரண்டு தலைப்பும் தெரிந்தது. கயிற்றோரம் நெருக்கியடித்து நின்றவர்களை விட அவன்தான் நன்றாகப் பார்த்தான்.

எங்களைக் கண்டு இன்னும் சில பெண்கள் பிள்ளைகளோடு ஏறினார்கள். திடலில் பெண்கள் மிகக் குறைவு. வந்தவர்களும் ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாத தூரத்தில்தான் நிற்பார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி, "கல்யாணம் முடிச்சு வந்து ஏழு வருசம், இண்டைக்குத்தான் மாட்டின்ர முகத்தைக் கண்டன்" என்றா.

சவாரியைச் சொல்லால் காட்டுவது கஷ்டம். முதலில் தூரத்தில் புழுதி. பிறகு சனத்தின் கூச்சல் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு உருண்டு வரும். பதினாறு கால் நிலத்தில் படுகிற சத்தம் பெட்டியின் தகட்டில் அதிரும். கண்ணைச் சிமிட்டினால் இரண்டு வண்டியும் போய்விடும். பிறகு புழுதி மட்டும் நிற்கும்.

எங்கள் சோடி முதல் ஓட்டத்தில் வென்றது. மாமி எழும்பி நின்றுகொண்டு மயிலையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. அந்தச் சத்தத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும்? ஆனால் மயிலை காதை ஒருமுறை இந்தப் பக்கம் திருப்பியதாகப் பொடியன் சத்தியம் பண்ணுகிறான்.

இரண்டாம் ஓட்டத்தில் நடுவழி வரைக்கும் முன்னுக்குத்தான் வந்தது. எங்களைத் தாண்டியதும் செவலை கொஞ்சம் பின்வாங்கியது. வண்டி செவலையின் பக்கமாக இழுபட்டது. அந்தப் பக்கத்தில்தான் கயிறு இரண்டு முழம் உள்ளே போய், சனம் நின்றது. ஓட்டியவர் பெரியவரின் மருமகன். அவர் கேட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நாணயக்கயிற்றை இழுத்தார். வண்டி நேரானது. எதிர்ச்சோடி முந்திக்கொண்டு போய்விட்டது. கயிற்றோரம் நின்ற சனம் ஐயோ என்று பின்னால் சாய்ந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, எழும்பி, அடுத்த நிமிடமே மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டது.

"ஒரு அடி அடிச்சிருந்தா வெண்டிருக்கலாம்" என்று கீழே ஒருவர் சொன்னார். மாமி குனிந்து அந்த ஆளைப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மகனின் சேட்டுக் கொலரை அவ்வளவு நேரமும் பிடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன். கையை எடுத்துவிட்டு, பையிலிருந்த கச்சானை எல்லாருக்கும் பகிர்ந்தா.

மிச்சப் பிரிவுகள் இன்னும் இருந்தன. ஏ பிரிவு மாலையில்தான். ஆனால் மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியால் இறங்கினா.

"செவலைக்கு மூச்சு வாங்கும். தண்ணி காட்ட வேணும்" என்றா.

பொடியன் தாயைப் பார்த்தான். அக்கா திடலைப் பார்த்தா. பிறகு மாடுகள் அவிழ்த்துக் கட்டியிருந்த மருதமரத்தடியைப் பார்த்தா. அது ஓட்டப் பாதையிலிருந்து நல்ல தூரம்.

"வரம்பால சுத்திப் போ. மாமியின்ர கையை விடாத" என்றா.

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரம்போடு நடந்தான்.